தானாகத் திறந்த படிமூடி

அத்தியாயம் ஒன்பது

"இத நீயே வெச்சுக்கோ ஒடெஸா. அவ வந்து பிடுங்கறதுக்கு முன்னாடி நானே குடுத்ததா இருக்கட்டும்."

ஆர்லோ டிங்மன் மடக்கு மேஜைமேல் சாவிக்கொத்தை வைத்தார். வைத்த கை சாவியை விடவில்லை.

ஒடெஸா ப்ரூயிட் சாவியைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். நெப்ராஸ்காவில் ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்த கொட்டகைகளைத் துருவித் துருவித் தலை நரைத்தவள் அவள். சாம்பலை முகர்ந்தே, தீ வைத்தவன் காலையில் முட்டை சாப்பிட்டானா, ஓட்ஸ் கஞ்சி குடித்தானா என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை முட்டை என்றாள். அவன் கஞ்சிதான் குடித்திருந்தான். ஆனால் அவள் பார்த்த பார்வையில் முட்டை என்று ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போய்விட்டான்.

நான் க்ளீட்டஸ். அவளுடைய உதவியாளன். சம்பளம் கிடையாது. பேச அனுமதி உண்டு, அதுவும் சில சமயம்.

"யாரு வர்றது?" என்றாள் ஒடெஸா, சூரியகாந்தி விதையின் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிவிட்டு.

"என் பொண்ணு ஷெல்பி. ஃபீனிக்ஸ்லேர்ந்து கிளம்பிட்டா. சாயங்காலத்துக்குள்ள வந்துடுவா. என்னை அங்க மறதிக்காரங்களப் பாத்துக்கிற ஒரு இல்லத்துல சேக்கப்போறா. நெட்டிய அவ வீட்டு மாடியறைக்குக் கூட்டிட்டுப் போறா. வண்டிய வித்துடுவா." ஆர்லோ சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "நாங்க ரெண்டு பேரும் ஒரு ராத்திரிகூடத் தனித்தனியாப் படுத்ததில்ல ஒடெஸா."

"என்ன குத்தம் பண்ணினே?"

"நெட்டிய மூணு தடவ படிக்குழியில தள்ளிவிட்டேன்."

நான் காப்பியை விழுங்க மறந்தேன்.

"தள்ளினியா?"

"தெரியல. அதான் பயமா இருக்கு."

விஷயம் இதுதான். நாங்கள் குடியிருந்தபடியே ஓட்டிப் போகும் பஸ் அளவு வீட்டுவண்டிகளில் கதவைத் திறந்தால் உள்ளே இறங்கி ஏற ஒரு படிக்குழி இருக்கும். வண்டி ஓடும்போது பக்கத்து இருக்கைக்காரர் கால் நீட்ட அந்தக் குழியை ஒரு பலகை மூடிக்கொள்ளும். அதுதான் படிமூடி. முன்பக்கப் பலகைக்கு அடியிலிருந்து காற்றின் அழுத்தத்தில் 'உஸ்' என்று பின்னால் வந்து மூடும், முன்னால் போய்த் திறக்கும். ஓட்டுநரின் இடது கைப்பக்கம் ஒரு ஸ்விட்ச். அதை அழுத்தினால்தான் நகரும்.

ஆர்லோவின் வண்டியில் ஓட்டத்தின் நடுவே மூன்று முறை அது திறந்துகொண்டது. மூன்று முறையும் மேலே நின்றவள் நெட்டி. முதல் தடவை முழங்காலில் சிராய்ப்பு, அடுத்தது இடுப்பில் கன்றல். நேற்று மணிக்கட்டு சுளுக்கித் தூக்குத்துணியில் தொங்குகிறது.

"போன மாசம் அடுப்ப அணைக்காம வெளிய போயிட்டேன்னு ஷெல்பிக்குத் தெரியும். அதோட இதையும் சேத்துட்டா. 'அப்பா, உங்க கை தானா ஸ்விட்ச அழுத்துது, உங்களுக்கே தெரியல'ங்கறா."

"நீ அழுத்தினியா?"

"அழுத்தலன்னுதான் நெனைக்கிறேன்." ஆர்லோ என்னைப் பார்த்தார், பிறகு அவளை. "ஆனா மறந்துபோய் அழுத்தினவனும் அப்படித்தானே நெனைப்பான்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் நகைச்சுவை இல்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

ஒடெஸா எழுந்தாள். "சாவிய எடு. வண்டியக் காட்டு."

*

நாங்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் அரிசோனாப் பாலைவனத்தில் காற்று கொஞ்சம் பலம். போன வருஷம் அது என் கட்டம்போட்ட சட்டையிலிருந்து கட்டங்களை மட்டும் அடித்துக்கொண்டு போய்விட்டது. சட்டை இன்னும் என்னிடம் வெள்ளையாக இருக்கிறது. ஆனால் அன்று அந்தக் காற்றைவிட எங்கள் முகாம் மனிதர்கள்தான் மோசமாக வீசினார்கள். ஆர்லோ நடந்து வருவதைக் கண்டதும் நாற்காலிகள் திரும்பின, நாய்கள் உள்ளே அழைக்கப்பட்டன. மனைவியைக் குழியில் தள்ளுகிறவன் என்ற பேச்சு காலைக் காப்பிக்கு முன்பே முகாமைச் சுற்றி வந்துவிட்டது.

வண்டியைக் கிளப்பினோம். காற்றழுத்த முள் மேலே போய் நின்றது.

"அழுத்து," என்றாள் ஒடெஸா.

உஸ்... மூடியது. உஸ்... திறந்தது. வெண்ணெயில் கத்தி போல.

"க்ளீட்டஸ், மூடிமேல ஏறிக் குதி."

"எதுக்கு?"

"நெட்டிய விட நீ கனம். நீ செத்தா நஷ்டமும் கம்மி."

குதித்தேன். பலகை அசையவில்லை. என் முழங்கால்தான் அசைந்தது. சோப்புத் தண்ணீரைக் குழாய் இணைப்புகளில் தடவினோம். காற்று கசிந்தால் நுரை வரும். ஒரு குமிழி வரவில்லை. ஸ்விட்சைத் தட்டினாள், ஆட்டினாள். தளர்ச்சி இல்லை. கடைசியில் அதன்மேல் நீல ஒட்டுநாடாவை இறுக்கி ஒட்டினாள். யார் அழுத்தினாலும் நாடா குழியும், காட்டிக்கொடுத்துவிடும்.

"ஓட்டு."

முகாமைச் சுற்றி வந்தோம். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. சாலை முனையில் 'நில்' பலகையருகே ஆர்லோ அழுத்தமாகப் பிரேக் போட்டார். மூடி மூடியபடியே கிடந்தது. இன்னொரு சுற்று. இன்னொரு பிரேக். ஒன்றும் இல்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு," என்றேன் உற்சாகமாக.

ஆர்லோ ஸ்டியரிங்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். அப்போதுதான் நான் சொன்னதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. மெஷின் நன்றாக இருந்தால் கெட்டுப்போனது வேறு ஒன்று. இருக்கையில் உட்கார்ந்திருப்பது.

"அவ சொல்றது சரிதான் போல," என்றார் ஆர்லோ.

"மூடி திறந்துச்சு, நெட்டி விழுந்தா. அப்புறம்?" என்றாள் ஒடெஸா.

"வண்டிய நிறுத்தி அவளத் தூக்கினேன். திரும்பிப் பாத்தா மூடி மூடியிருந்துச்சு. எதுவுமே நடக்காத மாதிரி."

ஒடெஸா விதை மெல்வதை நிறுத்தினாள். "மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

"ஸ்விட்ச அழுத்தினத மறக்கற கை, திரும்பி அழுத்தி மூட மட்டும் ஞாபகம் வெச்சிருந்துச்சா?"

ஆர்லோ தலை தூக்கினார். அவர் தலைக்குமேலே ஒரு மஞ்சள் கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

"அது என்ன?"

"ஹாரன். ரயில் ஹாரன். என் பொறந்தநாளுக்கு நெட்டி வாங்கிக் குடுத்தது. நான் துணி துவைக்கப் போயிருந்தப்ப, ஊர் ஊராப் போற மெக்கானிக் ஒருத்தன வரவழைச்சு மாட்ட வெச்சுட்டா." முதல் முறையாக ஆர்லோவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "எனக்குத் தெரியாம."

அந்த ஹாரனை எனக்குத் தெரியும். முதல் தடவை ஊதியபோது சாலையோரம் கை தூக்கி நின்ற கள்ளிச்செடி ஒன்று கையைக் கீழே போட்டுவிட்டது. இன்னும் தூக்கவில்லை.

*

நெட்டி பின்னறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். சின்ன உருவம், சிரித்த முகம். பூப்போட்ட தூக்குத்துணியில் ஒரு கை.

"வா ஒடெஸா! க்ளீட்டஸ், பீக்கன் கொட்டையும் பாகும் போட்டுச் சுட்ட பை இருக்கு, ஒரு துண்டு சாப்பிடு."

சாப்பிட்டேன். என்னை நன்றாக வளர்த்திருக்கிறார்கள்.

"விழுந்தப்ப என்ன பண்ணிட்டிருந்தே நெட்டி?" என்றாள் ஒடெஸா.

"கை காட்டிட்டிருந்தேன்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்! முகாம விட்டு ஒரு வண்டி வெளிய போனா எல்லாரும் காப்பிக் கோப்பையோட வந்து வரிசையா நின்னு கை காட்டுவாங்களே. உக்காந்துக்கிட்டே கை காட்டினா கோவமா இருக்கோம்னு நெனைச்சுக்க மாட்டாங்களா? எந்திரிச்சுக் கண்ணாடிக்கிட்டப் போய் நின்னு காட்டுவேன்."

"மூடிமேல."

"அங்கதான் நல்லாத் தெரியும். பீக்கன் பை இருக்கு க்ளீட்டஸ், ஒரு துண்டு சாப்பிடறியா?"

இரண்டாவது துண்டையும் சாப்பிட்டேன். அத்தோடு டப்பா காலி. ஒரு பெண்மணி இரண்டு முறை கேட்டால் இரண்டு முறை மறுப்பது அநாகரிகம். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே கிறிஸ்துமஸ் விளக்குச் சரம், ஒரு வாணலி, ஆர்லோவின் ஒற்றைச் செருப்பு. எங்கள் முகாமில் பெண்கள் பயணத்துக்குப் பெட்டி அடுக்கினால் இதைவிட மோசமாகப் பார்த்திருக்கிறேன். என் இரண்டாவது மனைவி ஒருமுறை என்னை அடுக்கிவிட்டாள்.

ஒடெஸா சிரிக்கவில்லை. பெட்டியை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"விழுந்தப்ப கத்தினியா?"

"கத்தாம? ஆனா ஆர்லோவுக்குக் கேக்கல. அந்தக் கயித்தப் பிடிச்சுத் தொங்கிட்டு 'பாஆஆம்'னு ஊதிட்டிருந்தார். எல்லாருக்கும் பதில் சொல்லணுமில்ல? நாலு வண்டி கை காட்டினா நாலு ஊது. அது மரியாதை."

"ஒரு கை கயித்துல. இன்னொரு கை?"

"ஸ்டியரிங்கிலதான். வேற எங்க?"

"அப்போ ஸ்விட்ச அழுத்த?"

நெட்டி யோசித்தாள். "அதுக்கு ஒரு கை கம்மியாத்தான் இருக்கு," என்றாள்.

ஒடெஸா விருட்டென்று எழுந்து கட்டிலில் இருந்த தலையணைகளை ஒவ்வொன்றாக என் கையில் அடுக்கினாள்.

"என்ன, தூங்கப்போறோமா?"

"க்ளீட்டஸ், காலையில நாம ஓட்டினப்ப என்ன குறைஞ்சுது?"

"சாப்பாடு."

"யாரும் கை காட்டல, முட்டாள். யாரும் கை காட்டாததால அவன் ஹாரன் அடிக்கல. போ. ஒவ்வொரு வண்டியாத் தட்டு. ஆர்லோவும் நெட்டியும் இன்னிக்கே முகாம விட்டுப் போறாங்க, இனிமே வரவே மாட்டாங்கன்னு சொல்லு."

"அது பொய்யாச்சே."

"சாயங்காலத்துக்குள்ள நாம தோத்தா அது உண்மையாயிடும். ஓடு."

*

ஓடினேன். என் வயதில் ஓடினால் பின்னால் வருகிற ஆமை ஹாரன் அடிக்கும். ஆனால் பொய் என்னைவிட வேகமாக ஓடியது. நான் திரும்பி வருவதற்குள் ஷெல்பியின் கார் ஆர்லோவின் வண்டிக்கு முன்னால் நின்றிருந்தது.

நெட்டையான பெண். அழுது முடித்துவிட்டு வந்த கண்கள். அவளைக் கெட்டவள் என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அந்தக் கண்கள் விடவில்லை.

"சாவி, அப்பா."

"ஒரே ஒரு சுத்து," என்றாள் ஒடெஸா. "சாலை முனை வரைக்கும்."

"நீங்க யாரு மேடம்? எங்கம்மாவோட கையப் பாத்தீங்களா? அடுத்த தடவ கழுத்துன்னா நீங்களா பொறுப்பு?"

"உங்கம்மா பின்னாடி சோபாவுல உக்காரட்டும். நீ முன்னாடி வா. உங்கப்பா கையையே பாத்துட்டு இரு. கண்ண எடுக்காத. ஸ்விட்சுல நான் ஒட்டற நாடா குழிஞ்சா சாவி உனக்கு. நான் வாய் திறக்க மாட்டேன்."

ஷெல்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் கெஞ்சவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அவளை அசைத்திருக்க வேண்டும்.

"ஒரே சுத்து. அப்புறம் பேச்சே கிடையாது."

எல்லாரும் ஏறிக் கதவைச் சாத்தியதும், நான் உள்ளிருந்தே படிக்குழிக்குள் தலையணைகளைத் திணித்தேன். ஆர்லோ ஸ்விட்சை அழுத்த, மூடி உஸ்ஸென்று வந்து மூடியது; ஒடெஸா ஸ்விட்சின் மேல் புது நாடா ஒட்டினாள். அப்பாவின் இரண்டு கைகளும் தெரிய வேண்டுமென்றால் ஒரே ஒரு இடத்தில்தான் நிற்க முடியும். ஷெல்பி அங்கே போய் நின்றாள். ஒரு கால் தரையில், ஒரு கால் மூடிமேல்.

வண்டி நகர்ந்தது.

முகாமின் இரண்டு பக்கமும் மனிதர்கள் வந்து நின்றிருந்தார்கள். காலையில் முகம் திருப்பியவர்கள், அதே நாய்களோடு, அதே காப்பிக் கோப்பைகளோடு. இனிமேல் வரவே மாட்டார்கள் என்றதும் யாருக்கும் கோபம் நினைவில்லை. முதலில் ஒரு கை எழுந்தது. பிறகு வரிசை முழுக்க.

ஆர்லோ அவர்களைப் பார்த்தார். கை மேலே போகவில்லை.

"ஊதுய்யா," என்று ஒடெஸா முணுமுணுத்தாள்.

"எதுக்கு ஊதறது? இதுதான் கடைசின்னு சொல்றதுக்கா?"

வரிசை தீர்ந்துகொண்டிருந்தது. சாலை முனை நெருங்கியது. ஒடெஸா இதற்குமேல் வாய் திறந்தால் ஷெல்பி அது தந்திரம் என்பாள். திறக்காவிட்டால் இன்னும் சில கஜங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

அப்போது பின்னாலிருந்து நெட்டியின் குரல் வந்தது.

"ஆர்லோ! அவங்க எல்லாம் கை காட்டறாங்க. பதில் சொல்லுங்க!"

மனைவி சொல்லிவிட்டாள். கை தானாகக் கயிற்றுக்குப் போனது.

பாஆஆஆம்!

நீண்ட ஊது. இன்னொன்று. கிழவர் கண்ணீரோடு கயிற்றில் தொங்கினார். 'நில்' பலகை வந்தது. பிரேக்.

ஷெல்பியின் காலோடு மூடி முன்னால் வழுக்கியது, மேஜை இழுப்பறை உள்ளே போவது போல. அடுத்த கணம் அவள் இடுப்புவரை தலையணைகளுக்குள் இருந்தாள். கண் மட்டும் சொன்னபடி அப்பாவின் கைகளைவிட்டு விலகவில்லை. ஒரு கை கயிற்றில். ஒரு கை ஸ்டியரிங்கில்.

நாடா குழியவில்லை.

நான் ஷெல்பியை மேலே இழுத்ததும் மூடி மெதுவாக, உஸ்... என்று பின்னால் வந்து மூடிக்கொண்டது. எதுவுமே நடக்காத மாதிரி.

ஒடெஸா மண்டியிட்டு முன்பக்கத்துக்கு அடியில் விளக்கடித்தாள். பழைய நீலக் குழாயின் நடுவில் புத்தம் புதிய மஞ்சள் குழாய் ஒன்று கிளை பிரிந்து ஹாரனுக்குப் போயிருந்தது.

"மூடியப் பிடிச்சு வெச்சிருக்கிறது காத்து. அதே மெல்லிசு குழாயிலேர்ந்துதான் ஹாரனும் குடிக்குது. சும்மா ஒருக்கா ஊதினா தெரியாது. முகாம் மொத்தத்துக்கும் மரியாதை பண்ணினா குழாய் வத்திப்போகும். மூடி பிடிப்பு விட்டுடும். அந்த நேரம் பிரேக் போட்டா முன்னாடி ஓடும். அப்புறம் காத்து ஏறினதும் தானா வந்து மூடிக்கும். பிரேக்குக்கான காத்து தனி டேங்க்குல இருக்கு, அதனாலதான் முள் எதையும் காட்டல."

ஷெல்பி உட்கார்ந்துவிட்டாள். "அப்பா..." என்றாள். வந்ததும் சாவிக்காக நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "யாரு இத இப்படி மாட்டினது?"

ஆர்லோ பெருமையோடு வாய் திறந்தார். "நெட்டிதான் என் பொறந்தநாளுக்கு..."

"எந்த ஹாரன்?" என்றாள் நெட்டி.

வண்டிக்குள் காற்றே இல்லாதது போல ஆயிற்று.

"நானா? நான் எப்பங்க வாங்கினேன்?" அவள் சிரித்தபடிதான் கேட்டாள். "பயங்கரச் சத்தம். யாரு இத வாங்குவா?"

ஆர்லோ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நான்தான். நானே வாங்கி நானே மாட்டினேன். பொறந்தநாள்னு வாய் தவறிடுச்சு."

ஷெல்பியின் முகம் மறுபடி இறுகியது. "நீங்களே மாட்டினீங்களா? மாட்டினத மறந்துட்டு ஊரக் கூட்டி துப்பறிய வெச்சீங்களா? அப்பா, அப்போ அடுப்பு?"

"அதுவும் நான்தான்."

விடுதலையான மனிதர் தானாகவே திரும்பிப் போய்க் கம்பிக்குள் உட்கார்ந்துகொண்டார். நான் ஒடெஸாவைப் பார்த்தேன். இவள் வாய் திறந்தால் போதும். ஆர்லோவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு மன்றாடலை நான் எந்தத் தேவாலயத்திலும் பார்த்ததில்லை. சொல்லாதே. என்னை எடுத்துக்கொள்ளட்டும். அவளைக் காட்டிக்கொடுக்காதே.

ஒடெஸா விதைத்தோலைத் துப்பினாள்.

"நெட்டி, க்ளீட்டஸுக்கு ஒரு துண்டு பை குடேன்."

"எனக்கா? நான் இப்பதானே..." ஒடெஸாவின் குதிகால் என் கால்விரல்மேல் இறங்கியது.

"ஐயோ, கேக்கவே மறந்துட்டேனே!" நெட்டி ஓடிப்போய் டப்பாவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். "முழுசா இருந்துச்சே. யாரு சாப்பிட்டா?"

அவள் முகத்தில் முதன்முறையாகப் பயம் எட்டிப் பார்த்தது.

"நான்தான் நெட்டி," என்றார் ஆர்லோ. "மத்தியானம் சாப்பிட்டுட்டேன். சொல்ல மறந்துட்டேன்."

ஷெல்பி என் பக்கம் திரும்பினாள். என் மீசையில் பீக்கன் துணுக்குகளும் பாகும் ஒட்டியிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. துடைக்கக் கை எடுத்தேன். ஒடெஸா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஷெல்பி மீசையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அம்மா அடுக்கிய பெட்டி பின்னறை வாசலில் திறந்து கிடந்தது. விளக்குச் சரமும், வாணலியும், ஒற்றைச் செருப்பும். அதை வெகுநேரம் பார்த்தாள்.

"அடுப்பும் நீங்கதானாப்பா?" என்றாள் மிக மெதுவாக.

"நான்தான்."

அவள் எழுந்து வந்தாள். அப்பாவின் விரல்களை ஸ்டியரிங்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தூக்குத்துணிக் கையைப் பிடித்து அம்மாவைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, இடுப்பு வாரைப் பூட்டினாள்.

"அம்மா, இனிமே கை காட்டணும்னா உக்காந்துக்கிட்டே காட்டு."

"அது மரியாதையா இருக்காதேடி."

"அப்பா ஹாரன் அடிக்கிறாரில்ல. அது ரெண்டு பேருக்கும் சேத்துதான்."

ஷெல்பி தலையணை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய், சோபாவில் உட்கார்ந்து, ஃபீனிக்ஸுக்குப் போன் செய்தாள். இரண்டு வாரம் வர மாட்டேன் என்றாள்.

நான் மீசையை நக்கினேன்.